பச்சை உடம்புக்குத் தண்ணீர்

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். பஸ் கொஞ்சம் சாய்ந்து திரும்பினால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பழனி ரோட்டில் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தேன். மெயினை அணைத்துவிட்டேனா என்று பார்க்க, பூட்டிய கடையைத் திரும்பத் திறந்த நாட்கள் உண்டு. கரண்டோடு பழகுகிறவனுக்கு இந்தப் பயம் வேண்டும் என்று சொல்லிக்கொள்வேன். என் மனைவி அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். இது தொழிலில் வந்த பயம் இல்லை, தொட்டிலிலேயே கூட வந்தது என்பாள்.

அப்படிப்பட்டவனை உண்மையாகவே நடுங்க வைத்தது கரண்டு இல்லை, சாப்பாடு. பிள்ளை பெற்றவள் என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்கிற விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் முதல் பிள்ளை பிறந்தது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தையல் பிரித்ததும், தலைப்பிரசவம் தாய்வீட்டு உரிமை என்று என் மாமியார் மகளையும் பேத்தியையும் சித்தையன்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மாமனார் இல்லாத வீடு. மாமியார் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, செம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

போனால் மாப்பிள்ளைக்கு ராஜ உபசாரம். ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், ரசம், தயிர் எல்லாம் இலையில் இறங்கும். கூடவே மண்பானையில் குளிர்ந்த தண்ணீர், அது போதாதென்று பெட்டிக்கடையிலிருந்து கலர் பாட்டில். மாமியார் என் எதிரில் வந்து நிற்க மாட்டார். அடுப்படி நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வச்சுக்கங்க மாப்ளே' என்பார். அதே நேரத்தில் பக்கத்து அறையில், ஜன்னல் அடைத்த இருட்டில், அவர் மகள் காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டு படுத்திருப்பாள்.

அவளுக்குப் பத்தியம். சுடுசோறு, பூண்டும் மிளகும் அரைத்த குழம்பு, சுட்ட கருவாடு. காய் கூடாது, வாயு. கீரையும் பழமும் கூடாது, குளிர்ச்சி. பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி பிடிக்கும். தயிர் என்ற பேச்சே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். ஓமம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டம்ளரில் கொடுப்பார்கள். அடுத்த டம்ளர் அடுத்த சாப்பாட்டுக்குத்தான். கால் இரண்டையும் சேர்த்து நீட்டி அசையாமல் படுக்க வேண்டும். எழுந்து நடந்தால் தையல் விட்டுப்போகும் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இதேதான் நடந்தது. என் அம்மாவும் இப்படித்தான் என்னைப் பெற்றாள், அக்கம்பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் பெற்றார்கள். அதனால் இதில் கேள்வி கேட்கிறவன் பொண்டாட்டிதாசன்.

கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் கையைப் பிடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, பிள்ளை வேறு பாலுக்கு அழுகிறது, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் கொடுங்கள் என்றாள். நான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரையே நீட்டினேன். மாமியார் எங்கிருந்துதான் வந்தாரோ, என் எதிரில் நிற்கிற கூச்சமெல்லாம் போய், டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போனார். தண்ணீர் என் வேட்டியில் கொட்டியது. அவர் கை நடுங்குவதைப் பார்த்து, மாப்பிள்ளை மேல் இவ்வளவு கோபமா என்று நினைத்தேன்.

"பச்ச ஒடம்பு மாப்ளே. இப்பத் தண்ணியக் குடுத்தா ஆளு தங்காது. நீங்க ஆம்பள, இதுல தலையிடாதீங்க."

தலையிடாமல் ஊர் வந்து சேர்ந்தேன். அந்த வாரம் கட்டிய காயில் எதுவும் சரியாக வரவில்லை. ஒரு விவசாயியின் மோட்டாரை இரண்டு தடவை பிரித்துக் கட்டினேன்.

அடுத்த ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் வியாழக்கிழமையே போய் நின்றேன். அறையில் விளக்கெண்ணெய் வாடை. தெருவில் சுளுக்கு எடுக்கிற பெண் ஒருத்தி என் மனைவியின் இடது காலைத் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை நீவிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் கால் வலியாம், வாயு இறங்கியிருக்கிறதாம். அதற்காகப் பூண்டைக் கூட்டி, தண்ணீரை இன்னும் குறைத்திருந்தார்கள். நான் இரண்டு காலையும் பார்த்தேன். வலது கால் என் மனைவியின் கால். இடது கால் யாருடையதோ மாதிரி இருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, தொட்டால் சுட்டது. கொலுசு சதைக்குள் அழுந்திக்கிடந்தது.

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வாயு ஒரு காலை மட்டும் தேர்ந்தெடுத்து இறங்குமா என்று பட்டது. நீவுவதை நிறுத்தச் சொன்னேன். மாமியார் ஏதோ சொல்ல வந்தார். அந்த வீட்டில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினேன். அத்தை, நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இவளை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். அவர் பேத்தியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, நான் பிடித்து வந்த வாடகைக் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஆபரேஷன் செய்த டாக்டர் இரண்டு காலையும் டேப் வைத்து அளந்தார். யாராவது நீவினீர்களா என்று கேட்டார். செத்த நேரம்தான் என்று மாமியார் முனகினார். டாக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். காலில் ஆழத்தில் இருக்கிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிற மாதிரித் தெரிகிறது, உடனே மதுரைக்குக் கொண்டு போய் ஸ்கேன் பாருங்கள் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கட்டி காலில்தானே இருக்கிறது, கால்தானே என்று கேட்டேன்.

"காலோட நின்னாப் பரவால்ல தம்பி. அது பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போயிரக் கூடாது. அதான் பயம்."

திண்டுக்கல்லிலிருந்து மதுரை வரை அந்த அம்பாசிடர் கார் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அப்போது இரட்டை ரோடு கிடையாது. ஒவ்வொரு குழியிலும் கார் தூக்கிப்போடும்போது, காலில் இருக்கிற அந்தக் கட்டி கழன்றுவிட்டதோ என்று அவள் முகத்தைப் பார்ப்பேன். மெதுவாகப் போங்கள் என்பேன். மெதுவாகப் போனால் நேரமாகிறதே என்று, சீக்கிரம் போங்கள் என்பேன். டிரைவர் ஒரு கட்டத்தில், ஏதாவது ஒன்று சொல்லுங்கள் சார் என்றார். கொடைரோட்டில் டீ குடிக்க நிறுத்தட்டுமா என்று கேட்டபோது அவரை அடித்துவிடுவேன் போல இருந்தது. அவள் ஒரு தடவை இருமினாள். வெறும் இருமல். நான் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

மதுரையில் ஸ்கேனில் கட்டி இருப்பது உறுதியானது. நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார்கள். வயிற்றில் ஊசி, பிறகு ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை, மாதக்கணக்கில். அங்கே இருந்த பெரிய டாக்டர் ஒரு அம்மாள். கட்டிலில் உட்கார்ந்து என் மனைவியிடம் என்ன சாப்பிட்டாய் என்று நிதானமாக விசாரித்தார். அவள் சோறு, பூண்டுக் குழம்பு, கருவாடு என்றாள். காய் இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை. தண்ணீர் எவ்வளவு என்றதற்கு, விரலால் டம்ளரின் உயரத்தைக் காட்டினாள். டாக்டர் அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் யாரையும் திட்டவில்லை. பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் தானாகவே சீக்கிரம் உறையும், பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க உடம்பு செய்துகொள்கிற ஏற்பாடு அது என்று விளக்கினார். அதற்கு மேல் ஆபரேஷன், அதற்கு மேல் அசையாத படுக்கை. இத்தனையும் இருக்கிற இடத்தில் உடம்பில் தண்ணீரையும் வற்றவிட்டால் ரத்தம் இன்னும் திக்காகிறது. இதில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, தண்ணீரும் நடையும் நம் கையில் இருக்கிறது, அதைக்கூடச் செய்யாமல் விட்டுவிட்டீர்கள் என்றார். சாப்பாட்டால் மட்டும் கட்டி கரையாது, மாத்திரைதான் வேலை செய்ய வேண்டும். ஆனால் சாப்பாடு மாத்திரையின் காலை வாரிவிடக் கூடாது. பச்சைக் கீரையில் இருக்கிற சத்து ரத்தத்தை உறையவைக்கிற பக்கம் நிற்கும். அதனால் கீரையை விடவும் வேண்டாம், அள்ளிக் கொட்டவும் வேண்டாம், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடு. பூண்டையும் இஞ்சியையும் மருந்து மாதிரி தின்னாதே, குழம்பில் கிடக்கிறது போதும். அளவு மீறினால் அது ரத்தத்தை ஒரேயடியாக இளக்கிவிடும். தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடி. இப்படிச் சொல்லி அனுப்பினார்.

மனைவியை இனி ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமியார் தன் துணிமணியைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் எங்கள் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் பேசவில்லை. சமைப்பார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார், மகள் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். சித்தையன்கோட்டையில் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் அவள் தாகத்தோடு கிடந்தாள். திண்டுக்கல்லில் குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வண்டித் தண்ணீரைக் குடம் குடமாக வாங்கி அவளைக் குடிக்கவைத்தேன். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழ.

வந்து பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை வெறுங்கையோடு பார்க்கக்கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. ஒருவர் மலைப்பூண்டு, ஒருவர் இஞ்சித் தேன். பக்கத்து வீட்டு அம்மா, பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊறட்டும் என்று நான் கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து முருங்கைக்கீரைச் சாறு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், தினமும், ஒரு கிண்ணம் நிறைய. நல்ல மனசுதான். மாதம் முடிந்து ரத்தம் சோதித்தபோது மாத்திரை போட்டும் போடாத மாதிரி இருந்தது. மதுரை டாக்டர் போனில், கீரை ஏதாவது கூட்டினீர்களா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

அன்றிலிருந்து நான் அடுப்படியில் போலீஸ் ஆனேன். வாரத்தில் எந்த நாள் கீரை, எந்தக் கரண்டியில் அளவு என்பதெல்லாம் என் கையில். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன். கையில் எங்காவது நீலம் பாய்ந்திருந்தால் எப்படி இடித்தாய், எங்கே இடித்தாய் என்று குடைவேன். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை, பழத்தைத் தின்னு, வாசல்வரை நட, உட்கார்ந்தால் காலை ஆட்டு. ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல், 'ஊருல எல்லாருக்கும் ஒரு மாமியா. எனக்கு ரெண்டு. ஒண்ணு மீசை வச்சது' என்றாள். அடுப்படிக்குள் இருந்த என் மாமியார் சிரிப்பை அடக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாத்திரை நின்றது. கால் பழையபடி ஆயிற்று. எனக்கு மட்டும் எதுவும் பழையபடி ஆகவில்லை. அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிவிட்டால் எழுப்பிக் காலை அசைக்கச் சொல்வேன். கன்னிவாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் அவள் தண்ணீர் குடிக்காமல் எழுந்துவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றே இருந்தேன். அவள்தான் வேண்டும் என்றாள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆனபிறகு, அந்த மதுரை டாக்டரிடமே போய்க் கேட்டோம். கட்டி ஒரு தடவை வந்தவர்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு உண்டு, ஆனால் முன்கூட்டியே தெரிவதால் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி, கர்ப்பம் முழுக்க வயிற்றில் போட்டுக்கொள்ள ஊசி எழுதினார். அவளே போட்டுக்கொள்வாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சைப் பிடித்திருப்பேன். அந்த மாதங்களில் நான் சரியாகத் தூங்கியதாக நினைவில்லை. பிரசவத்துக்குத் தேதி நெருங்க நெருங்க எனக்கு ஒரே யோசனை, மாமியார் வருவாரே, திரும்பவும் பத்தியம் என்று ஆரம்பித்தால் என்ன பேசுவது என்பதுதான். பேச வேண்டிய வார்த்தைகளைக் கடையில் மோட்டார்களிடம் பேசிப் பழகி வைத்திருந்தேன்.

பையன் பிறந்தான். மறுநாள் மத்தியானம் நர்ஸ் வந்து, என் மனைவியைக் கட்டிலிலிருந்து இறக்கி நாலு எட்டு நடக்கவைத்தார். உட்காரவைத்து ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தார். அவள் மடமடவென்று குடித்தாள். இன்னொன்று கேட்டாள். நர்ஸ் ஊற்றிக் கொடுத்தார். நான் மாமியாரைப் பார்த்துக்கொண்டே, ஆரம்பிக்கட்டும் என்று தயாராக நின்றேன்.  அவர் எழுந்து வெளியே போனார்.

போன ஆள் வரவில்லை. வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. இவ்வளவு பட்டபிறகும் மகள் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு, அத்தை, உள்ளே வாங்க என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கக்காவுக்கு நாந்தேன் தண்ணி குடுத்தேன், மாப்ளே."

அவருக்கு அக்கா ஒருத்தி இருந்தது எனக்குத் தெரியாது. என் மனைவிக்கே தெரியாது. அக்காவுக்கு வீட்டிலேயே பிள்ளை பிறந்திருக்கிறது. இவர் அப்போது பாவாடை கட்டிய சின்னப் பெண். பத்தியத்தில் படுத்திருந்த அக்கா, அம்மா வயலுக்குப் போன நேரத்தில் தங்கையைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். இவர் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தார். மறுநாள் காலையில் எழுந்து நின்ற அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டிக் கீழே விழுந்தாள். அவ்வளவுதான். தலைமாட்டில் கிடந்த செம்பைப் பார்த்துவிட்டு, பச்சை உடம்புக்காரிக்கு எவளோ தண்ணீர் கொடுத்திருக்கிறாள் என்று வீடே அழுதபோது, இவர் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்தாராம். அம்மா சாகிறவரைக்கும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுத்தான் கேட்டேன்.

"உங்க அக்காவுக்குக் கால் வீங்கியிருந்துச்சா, அத்தே?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஒரு கால்ல வலின்னு சொன்னா. வாயுன்னு எண்ணெ போட்டு நீவுனாங்க. எண்ணெக் கிண்ணத்த நாந்தேன் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

நான் டாக்டர் இல்லை. என்றைக்கோ ஒரு வீட்டில் நடந்ததற்கு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் மதுரை டாக்டர் எங்களுக்குச் சொன்னதை எல்லாம், காலில் உறைகிற ரத்தம் நெஞ்சுக்குப் போவதை, தண்ணீர் இல்லாத உடம்பில் ரத்தம் திக்காவதை, எனக்குத் தெரிந்த வரைக்கும் ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னேன். நீங்கள் கொடுத்த தண்ணீரால் அவர் சாகவில்லை, தாகத்தில் கிடந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த ஒரே ஆள் நீங்கள்தான் என்றேன். இத்தனை வருஷமாக அவர் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் அழுவார், அழுதால் பாரம் இறங்கும் என்று காத்திருந்தேன். அவர் அழவில்லை. உள்ளே மகள் பிள்ளையைக் கொஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பி, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவ இன்னொரு செம்பு கேட்டா, மாப்ளே. நாந்தேன் பயந்துக்கிட்டுக் குடுக்கல."